ஆறு அச்சும் இழுக்கும்

வண்டிகளைப் பற்றி எழுதிப் பிழைக்கிறவன் என்பதால், சொந்தத்தில் யார் கார் வாங்கினாலும் எனக்கு ஒரு டீ நிச்சயம். போன ஞாயிறு அந்த டீ மொரப்பூர் ரயில் நிலையத்துக்கு வெளியே கிடைத்தது. வாங்கிக் கொடுத்தவன் அக்கா மகன். பெங்களூரில் வேலை, சம்பளம் கையில் நிற்காத வயது.

"மாமா, இதப் பாருங்க" என்று செல்போனை நீட்டினான். பிஎம்டபிள்யூ எம்340ஐ எக்ஸ்டிரைவ், செகண்ட் ஹேண்ட். "நாலு சக்கரமும் இழுக்கும். மழை, மலை எதுக்கும் பயமில்ல, அவ்ளோ சேஃப்டின்றாங்க."

நல்ல வண்டிதான், மறுக்கவில்லை. பெயர்தான் ஜெர்மன், பூட்டியது நம் சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்து ஆலையில். 2021 மார்ச்சில் 62.90 லட்சத்துக்கு வந்தது. மூன்று லிட்டர், ஆறு சிலிண்டர், 387 குதிரைத்திறன். நின்ற இடத்திலிருந்து நூறு கிலோமீட்டர் வேகத்தைத் தொட 4.4 விநாடி போதும். அவன் சொன்னதில் எனக்கு இடித்தது கடைசிச் சொல் மட்டும்தான். நாலு சக்கரமும் இழுப்பது ஒன்று, சேஃப்டி வேறொன்று. இரண்டையும் ஒரே பொட்டலமாகக் கட்டித்தான் விற்கிறார்கள்.

எப்படித் தொடங்குவது என்று யோசிக்கும்போது சேலம் பக்கமிருந்து ஒரு கூட்ஸ் வந்தது. எனக்கு வேலை மிச்சம்.

"அந்த இன்ஜினுக்கு எத்தனை அச்சு மாப்ள?"

எண்ணிப் பார்த்து "ஆறு" என்றான்.

ஆறு அச்சுக்கும் தனித்தனி மோட்டார். அதாவது அதுவும் ஆல்-வீல் டிரைவ்தான். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்துக்குப் பிடிப்பு குறைவு. அத்தனை பெட்டியை இழுக்க வேண்டுமானால் இன்ஜினின் எடை முழுதும் இழுக்கிற சக்கரங்கள் மேலேயே உட்கார வேண்டும். அதுவும் போதாமல் வழுக்கினால், சக்கரத்துக்கு முன்னால் மணல் தூவக் குழாய் வைத்திருக்கிறார்கள். சரி, இந்த வண்டியை நிறுத்துவது எது? ஆறு அச்சு இன்ஜின் தனியாக நிறுத்திவிடுமா? முடியாது. கடைசிப் பெட்டி வரை காற்றுக் குழாய் ஓடுகிறது, ஒவ்வொரு பெட்டியும் தன் சக்கரத்தில் பிரேக் பிடிக்கிறது. இழுக்கிற ஏற்பாடு வேறு, நிறுத்துகிற ஏற்பாடு வேறு.

காரிலும் அதே கதைதான். பிரேக் என்பது மாருதி 800 காலத்திலிருந்தே நாலு சக்கரத்திலும் இருக்கிறது. ஆல்-வீல் டிரைவ் வந்ததால் ஐந்தாவது பிரேக் முளைக்கவில்லை. வண்டியின் எடை கொஞ்சம் ஏறியதுதான் மிச்சம்.

"அப்ப சும்மாவா மாமா இத்தன பேர் வாங்கறாங்க?"

சும்மா இல்லை. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடுகிற இடம் ஏறத்தாழ நம் உள்ளங்கை அளவு. அந்த உள்ளங்கையின் பிடிப்பை ஒரு நூறு ரூபாய் நோட்டு என்று வைத்துக்கொள். இழுப்பு, திருப்பம், பிரேக் மூன்றுக்கும் செலவு அந்த நோட்டிலிருந்துதான். ஈர ரோட்டில் அதே நோட்டு அறுபது எழுபதுக்குத்தான் செல்லும். 387 குதிரையையும் பின்சக்கரம் இரண்டின் தலையிலேயே கட்டினால், வளைவின் நடுவில் ஆக்சிலேட்டரை மிதித்ததும் அந்த இரண்டும் மொத்தப் பணத்தையும் இழுப்பிலேயே கரைத்துவிடும். திருப்பத்துக்குச் சில்லறை இல்லை, வால் வெளியே வீசும். அதே இழுப்பை நாலு டயருக்குப் பிரித்தால் ஒவ்வொன்றிடமும் மீதி இருக்கும். வளைவை விட்டு வெளியேறும்போது இந்த வண்டி காட்டுகிற அமைதி அந்த மீதியிலிருந்து வருவது. பெரிய பலம்தான். ஆனால் காலை ஆக்சிலேட்டரிலிருந்து எடுத்த நொடியில் அந்தப் பலம் முடிந்துவிடுகிறது. வளைவுக்குள் நுழையும்போது காலை எடுத்துக்கொண்டுதான் நுழைகிறோம்.

இதில் எனக்குப் பயமே இன்னொன்று. சாதாரண வண்டி மழையில் முறுக்கினால் சக்கரம் வழுக்கும், முகப்பில் மஞ்சள் விளக்கு சிமிட்டும், 'ரோடு சரியில்லை' என்று நமக்கு ஒரு தகவல் வரும். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி அந்தத் தகவலை விழுங்கிவிட்டுப் பேசாமல் போகும். ஓட்டுகிறவன் ரோடு நன்றாக இருப்பதாக நினைத்து அடுத்த வளைவுக்கு இன்னும் கொஞ்சம் வேகமாக வருவான். அறுபதில் எடுக்கிற வளைவை எழுபத்திரண்டில் எடுத்தால் வேகம் கூடியது ஐந்தில் ஒரு பங்கு, டயர் கொடுக்க வேண்டிய பிடிப்போ 44 சதவீதம் அதிகம். உள்ளங்கை அதே உள்ளங்கை.

இந்த ஏற்பாடு வேகக் கார்களில் எப்படிப் பரவியது என்பதையும் சொன்னேன். 1977 வாக்கில் பின்லாந்துப் பனியில் ஆடி பொறியாளர்கள் கார்களைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். கூட வந்த ஃபோக்ஸ்வேகன் இல்டிஸ் என்ற ராணுவ ஜீப், சக்தியில் தன்னைவிடப் பெரிய கார்களைப் பனியில் ஓரங்கட்டியது. அதைப் பார்த்து உண்டான வண்டிதான் 1980இல் வந்த ஆடி குவாட்ரோ. பனியில் கிளம்பவே முடியாத ஊர்க்காரனுக்கு அது வரப்பிரசாதம்.

மொரப்பூரில் ஏது பனி? நமக்குப் பனி என்றால் தை மாதம் ரோட்டில் பரப்பிவைக்கிற கொள்ளுச் செடி. வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்துத் தர, தாம்பு ஓட்டுகிற செலவு மிச்சம். (விவசாயியைத் திட்டத் தோன்றவில்லை. களம் இல்லாதவன் வேறு எங்கே போவான்?) அதன்மேல் எம்340ஐ சிணுங்காமல் ஏறும். பிரேக்கை அழுத்திப் பார், அடியில் உருளுகிற கொள்ளுக்கு நீ என்ன வண்டி வாங்கினாய் என்பது தெரியாது.

"ஹேண்ட்லிங் நல்லாருக்குன்னு எல்லா வீடியோலயும் சொல்றாங்களே" என்றான்.

அவர்கள் சொல்லும் ஹேண்ட்லிங் பந்தய மைதானத்தில் எத்தனை விநாடி என்பது. அரூர் ரோட்டில் ஹேண்ட்லிங் என்றால் ஆடு. புளியமரத்து நிழலிலிருந்து ஒரு குட்டி துள்ளி வருகிறது, நீ ஸ்டியரிங்கை ஒடிக்கிறாய், எதிரே பஸ், மறுபடி திருப்பி ஒடிக்கிறாய். இந்த இரண்டு ஒடிப்புக்கும் வண்டி கேட்குமா, கவிழுமா? சுவீடன்காரர்களுக்கு ஆட்டுக்குப் பதில் மூஸ் என்கிற பெரிய மான், அவ்வளவுதான் வித்தியாசம். 1997இல் அங்கே ஒரு மோட்டார் பத்திரிகை இந்தச் சோதனையைச் செய்தபோது புத்தம்புது மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கவிழ்ந்துவிட்டது. கம்பெனி விநியோகத்தை நிறுத்தி, எல்லா ஏ-கிளாஸிலும் இஎஸ்பி கருவியைப் பொருத்தித்தான் மறுபடி விற்றது. ஸ்டியரிங் ஒரு பக்கம் காட்ட வண்டி வேறு பக்கம் போனால், ஏதாவது ஒரு சக்கரத்தில் மட்டும் தானாகப் பிரேக் பிடித்து மூக்கைத் திருப்பிவிடுகிற கருவி அது. நாலு சக்கர இழுப்பா, இதுவா, ஒன்றுதான் கிடைக்கும் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் எடுப்பேன். அவன் பார்த்த வண்டியில் இரண்டும் உண்டு. ஸ்போர்ட் பட்டனைத் தட்டும்போது இந்தக் காவலும் தளர்கிறதா என்று மட்டும் கையேட்டில் பார்த்துக்கொள்ளச் சொன்னேன்.

தொப்பூர் கணவாய்ப் பேச்சு வராமல் தருமபுரிக்காரர்கள் வண்டிப் பேச்சை முடிப்பதில்லை. 2024 ஜனவரியில் அந்த இறக்கத்தில் கட்டுப்பாடு இழந்த லாரி முன்னால் போன வண்டிகளை மோதி, நடுவில் கார் சிக்கி, நாலு பேர் போனார்கள். அங்கே டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் இறங்குகிற பழக்கத்தைப் போலீஸ் எத்தனையோ முறை எச்சரித்தாயிற்று. பின்னால் வருகிறவனின் பிரேக் உன் கையில் இல்லை. அந்த இடத்தில் உன்னைக் காப்பது வண்டியின் கூடு, ஏர்பேக், பின்சீட்டிலும் போட்ட பெல்ட், இடப்பக்கம் ஒதுங்கிப் போகிற புத்தி. கூட்டைப் பொறுத்தவரை இந்தத் தலைமுறை 3 சீரிஸ் 2019இல் யூரோ என்கேப் மோதல் சோதனையில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. இங்கேயும் 2023 அக்டோபரிலிருந்து பாரத் என்கேப் இருக்கிறது. டாடா ஹாரியர் மின்வண்டி ஐந்து நட்சத்திரம் வாங்கியிருக்கிறது, அதில் இரட்டை மோட்டார் வைத்த நாலு சக்கர இழுப்பும் கிடைக்கிறது. நூறைத் தொட 6.3 விநாடி. விலையோ புது எம்340ஐ விலையில் பாதிக்கும் கீழே. அதைச் சொன்னபோது பையன் முகம் சுண்டியது. ஆறு சிலிண்டர் சத்தத்துக்கு ஆசைப்பட்டவனிடம் மோட்டாரைக் காட்டியது என் தப்பு.

இனி செகண்ட் ஹேண்ட் விஷயம். அதற்கும் அந்தக் கூட்ஸையே எடுத்துக்கொண்டேன். ரயில் சக்கரம் இரண்டும் அச்சோடு அச்சாக இறுக்கப்பட்டவை. தண்டவாளத்தில் உருளும் பரப்பு லேசாகச் சரிந்திருப்பதால் வளைவில் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் உள்சக்கரம் சிறிய வட்டத்திலும் உருண்டு சமாளிக்கும். காருக்கு அந்த வசதி இல்லை என்பதால் டிஃபரென்ஷியல். நாலு சக்கரமும் இழுக்கிற வண்டியில் முன்னச்சுக்கும் பின்னச்சுக்கும் நடுவே இன்னொரு கிளட்ச் வேறு. ஒரு டயர் புதிது, மூன்று தேய்ந்தது என்றால் சுற்றளவு மாறும், அந்த நடுக் கிளட்ச் ஓயாமல் தேய்ந்துகொண்டே இருக்கும். ஆகவே நாலு டயரும் ஒரே கம்பெனி, ஒரே தேய்மானமா என்று பார். பிறகு ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்து, காலி இடத்தில் மெதுவாக வட்டமடி. வண்டி உதறினாலும் இடித்தாலும் பணத்தை எண்ணாதே. ஷோரூம்காரர் காட்டுகிற நேர் ரோட்டில் ஓட்டிப் பார்ப்பது சேலையைத் தராசில் நிறுத்து வாங்குகிற மாதிரி. மஞ்சவாடி கணவாய்க்கோ ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசிக்கோ கொண்டு போக முடியுமா என்று கேள். அங்கேயும் வேகம் வேண்டாம். பிரேக் மிதி எவ்வளவு ஆழம் போகிறது, கீழே இறங்கி வந்தபின் அதே ஆழம்தானா, அது போதும்.

"முடிவா வாங்கலாமா, வேணாமா?"

ஆசைக்கு வாங்கு, தாராளமாக. பாதுகாப்புக்கு என்று வீட்டில் சொல்லி வாங்காதே. வாங்கினால் நாலு புது டயருக்கும், இருங்காட்டுக்கோட்டை பந்தய மைதானத்தில் பயிற்சி நடக்கும்போது ஒரு நாள் போய்வரவும் பணம் ஒதுக்கு. அந்த வேகத்தைப் பழக ரோடு இடமல்ல.

தலையாட்டினான். டயரின் வயதை எப்படிப் பார்ப்பது என்று கேட்டான். பக்கவாட்டில் முட்டை வடிவக் கட்டத்துக்குள் நாலு இலக்கம் இருக்கும், முதல் இரண்டு வாரம், பின் இரண்டு வருடம் என்றேன். எழுந்துபோய், தான் ஓட்டி வந்த பழைய காரின் முன்டயர் அருகே குந்தி, கைக்குட்டையால் புழுதியைத் துடைத்துப் படித்தான்.

"1117" என்றான். பதினோராவது வாரம், 2017. அவன் காலேஜில் படித்துக்கொண்டிருந்த வருடம். அந்த டயரில்தான் தொப்பூர் வழியாகச் சேலத்துக்கு மாமியார் வீட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கிறான்.

"மாஸ்டர், இன்னும் ரெண்டு டீ" என்றான், எழுந்திருக்காமலே.