அமிலத்தில் குடியிருக்கும் கிருமி

உணவோடு உள்ளே போகும் கிருமிகளில் பெரும்பாலானவை இரைப்பை அமிலத்தில் செத்துப்போகும். அதனால் அங்கே எந்த பாக்டீரியாவும் நிலைத்து வாழாது என்றே மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியிருந்தது. 1982இல் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரனும் பாரி மார்ஷலும் நோயாளிகளின் இரைப்பைத் திசுவிலிருந்து சுருள் வடிவ பாக்டீரியாவை வளர்த்துக் காட்டினார்கள். 1984இல் மார்ஷல் அந்தக் கிருமியைத் தாமே குடித்தார். சில நாட்களில் அவருக்கு இரைப்பை அழற்சி வந்தது. 2005இல் இருவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற இந்தக் கிருமியைக் காப்பாற்றுவது யூரியேஸ் என்னும் நொதி. இரைப்பையில் இருக்கும் யூரியாவை அது அம்மோனியாவாகவும் கார்பன் டை ஆக்சைடாகவும் உடைக்கிறது. காரத்தன்மையுள்ள அம்மோனியா, கிருமியைச் சுற்றியுள்ள அமிலத்தின் வீரியத்தைத் தணிக்கிறது. அந்த அவகாசத்தில் கிருமி சளிப்படலத்துக்குள் புகுந்து தங்கிவிடுகிறது. சிகிச்சை எடுக்காவிட்டால் பெரும்பாலும் ஆயுள் முழுக்க அங்கேயே இருக்கும்.

இப்படித் தங்கும் கிருமி சிலருக்கு இரைப்பைப் புற்றுநோய்க்கும் காரணமாகிறது. ஆனால் யூரியேஸ் மட்டுமே அந்தப் புற்றுநோயை உண்டாக்கிவிடுவதில்லை. கிருமிக்கு இடம்பிடித்துக் கொடுப்பதும், அம்மோனியாவால் இரைப்பைச் செல்களை உறுத்துவதும் அதன் வேலை. சில வகைக் கிருமிகள் காக்-ஏ என்ற புரதத்தை ஊசி போடுவதுபோல் செல்லுக்குள் செலுத்தி, செல்வளர்ச்சியின் கட்டுப்பாட்டைக் குலைக்கின்றன. அழற்சி பல பத்தாண்டுகள் நீடிக்கும்போது அமிலம் சுரக்கும் சுரப்பிகள் நலிகின்றன. அந்த இடத்தில் குடலுக்குரிய செல்கள் தோன்றுகின்றன. பிறகு அவை ஒழுங்கிழந்து, சிலருக்குப் புற்றாகின்றன.

உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994இலேயே இந்தக் கிருமியைப் புற்றுநோய்க் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. ஜப்பானில் 1,526 பேரைச் சராசரியாக 7.8 ஆண்டுகள் கண்காணித்து 2001இல் வெளியிட்ட ஆய்வில், தொற்று இருந்தவர்களில் 2.9 சதவீதம் பேருக்கு இரைப்பைப் புற்றுநோய் வந்தது. தொற்று இல்லாதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை. தொற்றுள்ளவர்களில் மிகப் பெரும்பாலோருக்குப் புற்று வருவதில்லை என்பதும் உண்மை.

கிருமியைக் காக்கும் நொதியே அதைக் காட்டியும் கொடுக்கிறது. கார்பன்-13 கலந்த யூரியாவைக் குடித்துவிட்டு ஊதினால், தொற்று இருந்தால் யூரியேஸ் பிரித்த அந்தக் கார்பன் மூச்சில் வெளிப்படும். தொற்று உறுதியானால் ஆன்டிபயாடிக் மருந்துகளும் அமிலம் குறைக்கும் மருந்தும் சேர்த்து, பொதுவாக 14 நாட்கள் தருவார்கள். பாதியில் நிறுத்தக் கூடாது. கிருமி ஒழிந்ததா என்று மறுபடியும் சோதிக்க வேண்டும். அல்சர் உள்ளவர்களும், பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இரைப்பைப் புற்றுநோய் வந்தவர்களும் இந்தப் பரிசோதனை பற்றி மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள். திசு மாற்றங்கள் முற்றுவதற்கு முன் கிருமியை ஒழித்தால்தான் முழுப் பலன் கிடைக்கும்.