கருவுற்ற மகளிரின் வாய்நலமும் மகப்பேறு மருத்துவரின் பங்கும்

கருவுற்ற பெண்ணுக்குப் பல்வலி கண்டால், ‘பிள்ளை பிறக்கட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்பதே பல வீடுகளிலும் கேட்கும் சொல். பல் மருத்துவர், மகப்பேறு மருத்துவரின் கடிதமின்றிச் சிகிச்சையைத் தொடங்கத் தயங்குகிறார். மகப்பேறு மருத்துவரோ வயிற்றையும் இரத்த அழுத்தத்தையும் பார்க்கும் அளவிற்கு வாயைப் பார்ப்பதில்லை. இம்மூன்று தயக்கங்களில் மகப்பேறு மருத்துவருடையதைக் களைந்தால் ஏனைய இரண்டும் தாமே தளரும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

கருவுற்ற காலத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் ஆகியவற்றின் அளவு உயர்வதால், பல்லில் படியும் அழுக்குப் படலத்திற்கு ஈறு மிகையாக எதிர்வினை புரிகிறது. ஈறு சிவந்து வீங்கிக் குருதி கசிகிறது. சிலருக்கு ஈற்றில் சிறு கட்டி தோன்றும். அது புற்றுநோயன்று, பெரும்பாலும் மகப்பேற்றுக்குப் பின் சுருங்கிவிடும். மசக்கை வாந்தியின் அமிலம் பற்சிப்பியை அரிக்கும். வாந்தி எடுத்த உடனே பல் துலக்காமல், சமையல் சோடா கலந்த நீரால் வாய் கொப்பளிப்பதே தக்கது. இதனைச் சொல்ல ஒரு நிமிடம் போதும்.

ஈறுநோயைக் குறைப்பிரசவத்தோடு தொடர்புபடுத்தும் கருத்து, 1996இல் ஆஃபன்பாகர் குழுவினர் 124 தாய்மாரிடம் நிகழ்த்திய ஆய்வுக்குப் பின் பரவலாயிற்று. ஆயின் 2006இல் மிகலோவிச் குழுவினர் 823 கருவுற்ற பெண்களைக் கொண்டு நடத்திய சோதனையில், கர்ப்பகாலத்திலேயே ஈறு சிகிச்சை பெற்றோரிடையே குறைப்பிரசவம் 12.0 விழுக்காடு, மகப்பேற்றுக்குப் பின் பெற்றோரிடையே 12.8 விழுக்காடு. இவ்வேறுபாடு பொருட்படுத்தத்தக்கதன்று. எனவே ‘பல்லைக் கவனித்தால் குறைப்பிரசவம் வராது’ என்று மருத்துவர் வாக்களித்தல் கூடாது. அதே சோதனை, ஈறுநோயைக் குறைப்பதில் சிகிச்சை பயன் தருவதையும், அது தாய்க்கும் கருவிற்கும் பாதுகாப்பானது என்பதையும் காட்டியது. மருத்துவர் பற்றிக்கொள்ள வேண்டிய முடிவு இதுவே. தாயின் வலி நீங்குவதும் அவள் நன்கு மென்று உண்பதும் சிகிச்சைக்குப் போதிய காரணங்கள்; குழந்தையின் பெயரால்தான் அவள் பல்லைக் காக்க வேண்டுமா என்ன?

அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி 2013இல் வெளியிட்ட கருத்துரை, முதற் சந்திப்பிலேயே வாய்நலத்தைக் கேட்டறிய வலியுறுத்துகிறது. ஈற்றில் குருதி வருகிறதா, வலி உண்டா, பல் மருத்துவரை இறுதியாக எப்போது கண்டார் என்னும் வினாக்கள் போதுமானவை. தக்க காப்புடன் எடுக்கப்படும் பல் எக்ஸ்ரேயும் லிக்னோகெய்ன் மரப்பூசியும் கர்ப்பகாலத்தில் விலக்கப்பட்டவையல்ல. ஒத்திப்போடத்தக்க சிகிச்சைக்கு நடுமூன்று மாதங்கள் வசதியானவை; சீழ்க்கட்டிக்கோ எந்த மாதமும் ஏற்றதே. டெட்ராசைக்ளின் தவிர்க்கப்பட வேண்டும். இறுதி மாதங்களில் ஐபுபுரூஃபனும் அவ்வாறே.

தமிழ்நாட்டில் கிராமச் சுகாதாரச் செவிலியர் பதிவு தொடங்கி, 2016 முதல் மாதந்தோறும் 9ஆம் நாள் நடைபெறும் பிரதமரின் பாதுகாப்பான தாய்மைத் திட்டப் பரிசோதனை வரை, கருவுற்ற பெண்ணைச் சந்திக்கும் வாய்ப்புகள் பல உள்ளன. புதிய திட்டம் தேவையில்லை. அவள் கையிலுள்ள தாய்சேய் நல அட்டையில் மருத்துவர் எழுத வேண்டியது இரண்டு வரிகளே: ‘பல் சிகிச்சை அளிக்கலாம், மரப்பூசி போடலாம். இறுதி மாதங்களில் நாற்காலியில் சற்றே இடப்புறம் சாய்த்து அமர்த்துக.’