பழைய குரோசே மாதிரியும் சட்டி பிடிக்கும் துணியும்

1940களில் அமெரிக்க நூல் கம்பனிகள் சட்டி பிடிக்கும் துணி போன்ற சமையலறைப் பொருட்களுக்கான குரோசே மாதிரிகளைச் சிறு புத்தகங்களாக வெளியிட்டன. அவற்றைப் பார்த்துப் பின்ன முனையும் மாணவர் முதலில் அறிய வேண்டியது, மாதிரி எந்த நாட்டினது என்பதாகும். அமெரிக்கர் 'சிங்கிள் குரோசே' என்பதைப் பிரித்தானியர் 'டபுள் குரோசே' என்பர். அமெரிக்கரின் 'டபுள்' பிரித்தானியருக்கு 'ட்ரெபிள்' ஆகும். எனவே அமெரிக்க மாதிரியின் 'டபுள்' என்பதைப் பிரித்தானிய முறையில் பின்னினால் அகலம் மாறாது, வரிசைகளின் உயரம் குறையும், சதுரம் செவ்வகமாகிவிடும்.

ஊசியிலும் கவனம் தேவை. பழைய பிரித்தானிய முறையில் 8ஆம் இலக்கம் 4 மி.மீ., 11ஆம் இலக்கம் 3 மி.மீ. இலக்கம் கூட ஊசி மெலியும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது நூல். பருத்தி நூலையே தெரிவு செய்க. கடையில் அழகான நிறங்களில் கிடைக்கும் அக்ரிலிக் நூல் சூட்டில் உருகித் தோலில் ஒட்டும். நான் பின்னிய முதற் துணி அப்படித்தான் தாச்சியில் ஒட்டிக்கொண்டது (விரல் தப்பியது!). பருத்தி உருகாது, ஆனால் சுவாலை பட்டால் எரியும்.

'ஈரத் துணியால் சூடான சட்டியைப் பிடிக்கக் கூடாது. காரணம் தருக' என வினா வந்தால், "கை சுடும்" என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். பின்னல் இடைவெளிகளிலுள்ள வளி வெப்பத்தை எளிதிற் கடத்தாது. அவ்விடத்தை நீர் நிரப்பினால் வெப்பம் விரைவாகக் கைக்கு வரும், நீராவியும் சுடும்.

துளைகள் பெரிதான பூ மாதிரிகளைச் சுவரில் மாட்டலாம். சட்டி பிடிப்பதற்கு, நெருக்கமாகப் பின்னிய இரு துண்டுகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஓரத்தைப் பொருத்துக.