பூத்தும் காயாத தோட்டங்கள்: இனிப்புச் செரி ஆய்வின் சமூகப் பின்னணி

செரி மரம் தமிழ் வாசகர் பலருக்கு இலக்கியத்தின் வழியாகவே அறிமுகமானது. 1904இல் மொஸ்கோவில் மேடையேறிய செக்கோவின் 'செரிப் பழத்தோட்டம்' நாடகத்தை அறிந்த நாம், அத்தோட்டத்தை வீழ்ச்சியுறும் நிலவுடைமை வர்க்கத்தின் குறியீடாகவே கண்டு பழகிவிட்டோம். எனினும் மரத்தை மரமாகவும் நோக்குதல் வேண்டும். செக்கோவ் குறிப்பிடுவது புளிப்புச் செரியையே. ருஷ்ய மொழியில் அதற்கும் இனிப்புச் செரிக்கும் வெவ்வேறு பெயர்கள் உள. இவ்வேறுபாடு சொல்லளவில் நின்றுவிடுவதன்று. புளிப்புச் செரி வகைகளுட் பல தம் மகரந்தத்தாலேயே கருக்கட்டிக் காய்ப்பன. இனிப்புச் செரியோ, மிகச் சில வகைகள் நீங்கலாக, இயல்பில் அவ்வாறு காய்ப்பதில்லை. பொருத்தமான வேறொரு வகை மரம் அருகே நிற்றலும் தேனீக்கள் இடையே சென்றுவருதலும் அதற்கு இன்றியமையாதன. இவ்வியல்பு பற்றிய அறிவு எவ்வாறு தோன்றி வளர்ந்தது என்பதே ஈண்டு எமது கவனத்துக்குரியது.

ஐக்கிய அமெரிக்காவின் ஒறிகன் மாநிலத்தில், மில்வோக்கி என்னும் ஊரிலிருந்த சேத் லூவெலிங்கின் நாற்றுமேடையில் 1875இல் புதிய கருஞ்செரி வகையொன்று உருவாயிற்று. அதன் தாய்மரம் 'பிளாக் ரிப்பப்ளிக்கன்' என்னும் வகை. அடிமை முறையை எதிர்த்த லூவெலிங் தமது அரசியற் சார்பையே அப்பழத்துக்குப் பெயராக்கியிருந்தார். புதிய வகைக்கோ, தோட்டத்தில் மேற்பார்வையாளராயிருந்த ஆ பிங் என்ற சீனரின் பெயர் இடப்பட்டது. அம்மரத்தை வளர்த்தெடுத்தவர் அவரே என்பர் சிலர். அவரது உழைப்பைப் பாராட்டி உரிமையாளர் சூட்டிய பெயரே அது என்பர் வேறு சிலர். 1882ஆம் ஆண்டின் சீனர் விலக்குச் சட்டம் 1888இல் மேலும் கடுமையாக்கப்பட்டது. குடும்பத்தைக் காணத் தாயகம் சென்ற ஆ பிங் அதன்பின் அமெரிக்காவுக்கு மீள முடியவில்லை என்று கூறப்படுகிறது. பழம் நாடெங்கும் பரவிற்று. பெயருக்குரியவர் கரையிலேயே தடுக்கப்பட்டார்.

உறுதியான சதையுடைய பிங் தொலைதூரச் சந்தைக்கு அனுப்ப ஏற்றதாக இருந்தது. லம்பேட், நெப்போலியன் ஆகியனவும் விலைபோயின. எனவே தோட்டக்காரர் இம்மூன்று வகைகளையே பெருமளவில் நட்டனர். மரங்கள் பூத்துக் குலுங்கின. காய்ப்பு மட்டும் பொய்த்தது. 1913இல் ஒறிகன் வேளாண்மைக் கல்லூரியைச் சேர்ந்த கார்ட்னர், இம்மூன்றும் தத்தம் மகரந்தத்தால் மட்டுமன்றி ஒன்றன் மகரந்தத்தால் மற்றொன்றும் காய்ப்பதில்லை என்பதை வெளிப்படுத்தினார். சந்தையின் தெரிவும் மரத்தின் இயல்பும் முரண்பட்ட இடத்திலேதான் இவ்வாய்வு வேர்கொண்டது.

காரணத்தைச் சுருக்கமாகக் காண்போம். கருக்கட்டலைக் கட்டுப்படுத்தும் பரம்பரையலகு பல எதிருருக்களை உடையது. அவற்றை ஆய்வாளர் எண்களாற் குறிப்பர். மரமொன்றில் இரண்டு எதிருருக்கள் இருக்கும். மகரந்தமணி அவற்றுள் ஒன்றை மட்டுமே கொண்டுசெல்லும். பூவின் தம்பத்திலுள்ள இரண்டில் ஒன்றேனும் மகரந்தமணியினுடையதோடு ஒத்திருப்பின், மகரந்தக் குழாய் தம்பத்தினுள்ளேயே வளர்ச்சி குன்றி நின்றுவிடும். பிங், லம்பேட், நெப்போலியன் மூன்றும் 3, 4 என்னும் அதே எதிருருக்களை உடையன. பேரரசனின் பெயர் தாங்கிய மரமும் தொழிலாளியின் பெயர் தாங்கிய மரமும் இவ்விடயத்தில் ஒரே குலம்! 1, 3 ஆகியவற்றையுடைய 'வான்' வகையை அருகே நட்டால், அதன் மகரந்தத்திற் பாதி பிங்கின் சூலகத்தை அடையும். இத்தகைய பொருந்தாக் குழுக்களை முறையாக வகுத்ததில் இங்கிலாந்தின் ஜோன் இன்னிஸ் தோட்டக்கலை நிறுவனத்துக்கும் அங்கு பணியாற்றிய கிரேனுக்கும் பெரும்பங்குண்டு.

அதே நிறுவனத்தைச் சேர்ந்த லூயிஸ், 1940களில் மகரந்தத்தின்மீது எக்ஸ் கதிரைச் செலுத்திப் பொருந்தாப் பூக்களில் இட்டார். தம்பமே சல்லடையாயிற்று. விகாரமடைந்த மிகச் சில மணிகள் மட்டுமே அதனைக் கடந்து வித்தாயின. அவற்றிலிருந்து தாமே காய்க்கும் நாற்றுகள் கிடைத்தன. இங்கு ஒன்றை மனங்கொள்ளல் வேண்டும். லூயிஸ் முதன்மையாக ஆராய்ந்தது பரம்பரையலகின் அமைப்பையே. கூடைகூடையாகப் பழம் பறிக்கும் வழியை அவர் தேடவில்லை. அறிவனைத்தையும் சந்தையின் நேரடி விளைவாகக் காட்டுவது கொச்சைப் பொருள்முதல்வாதம். தேவை ஆய்வைத் தொடக்கிவைக்கலாம். தொடங்கிய ஆய்வு தனக்கெனச் சில வினாக்களை ஈன்றுகொள்கிறது.

லூயிஸின் நாற்றுகளுள் ஒன்றை லம்பேட்டுடன் கலந்து, கனடாவின் சமர்லாண்ட் ஆய்வு நிலையத்தில் லப்பின்ஸ் உருவாக்கிய 'ஸ்டெல்லா' 1968இல் வெளியிடப்பட்டது. தன் மகரந்தத்தால் தானே காய்க்கும் பிற்கால வகைகள் பலவற்றுக்கு இதுவே மூதாதை. விகாரத்தின் தன்மை 2004இல் யப்பானிய ஆய்வாளரால் விளக்கமுற்றது. மகரந்தத்தின் அடையாளத்தைக் காட்டும் புரதத்துக்குரிய குறியீட்டில் 4 எழுத்துகள் விடுபட்டிருந்தன. அடையாளம் சிதைந்த மகரந்தத்தைத் தம்பம் தடுப்பதில்லை.

துணைமரத் தேவையை இவ்வாறு நீக்கிய ஆய்வு, பறிக்கும் கையின் தேவையை நீக்கிவிடவில்லை. பதனிடுவதற்கான பழத்தை இயந்திரம் உலுக்கி வீழ்த்துகிறது. காம்போடு பச்சையாக விற்கப்படும் பழமோ இன்றும் பெரும்பாலும் ஏணிமீது நின்று கையாற் பறிக்கப்படுகிறது. ஒறிகன், வாஷிங்டன் மாநிலங்களில் அக்கைகளுட் பெரும்பாலானவை மெக்சிக்கோவிலிருந்து வந்த தொழிலாளருடையவை. பறிக்கும்போது காம்பின் அடியிலுள்ள குறுங்கிளை ஒடிந்துவிடாது காக்க அவர்கள் அறிந்திருத்தல் வேண்டும். அடுத்த ஆண்டுக்குரிய பூவரும்புகள் அதிலேயே இருக்கின்றன.