கத்தி படுமுன் காக்க வேண்டிய சிறுநீரகம்

இந்தியாவில் முதன்முதலாகச் சிறுநீரகம் வெற்றிகரமாக மாற்றிப் பொருத்தப்பட்டது 1971இல், வேலூர் சிஎம்சி மருத்துவமனையில். அந்த ஊரிலிருந்து ஆம்பூர், வாணியம்பாடி வரை நீளும் தோல் பட்டறைப் பகுதியில், பெரிய அறுவைச் சிகிச்சைக்குப் போகிறவரின் சிறுநீரகத்தைக் காக்க எந்திரங்களைவிட முந்தைய ஒரு வாரம் முக்கியம் என்பேன். மயக்க மருந்தாலும் ரத்த இழப்பாலும் ரத்த அழுத்தம் இறங்கும்போது, சிறுநீரகம் தனக்கு ரத்தம் கொண்டுவரும் நுண்குழாயை விரித்துச் சமாளிக்கிறது. டைக்ளோபினாக், இப்யூபுரூஃபன் போன்ற வலி மாத்திரைகள் அந்த விரிவையே தடுக்கின்றன. நாள் முழுக்க நின்றபடி வேலை பார்த்து, வேர்த்து, முட்டிவலிக்கு மெடிக்கல் ஷாப்பில் சீட்டில்லாமல் மாத்திரை வாங்கிப் போடுகிறவர் அதை மருத்துவரிடம் சொல்வதில்லை. மாத்திரையாகவே அவர் அதை எண்ணுவதில்லை. தோல் கழிவு கலந்த பாலாறுதான் சிறுநீரகக் கோளாறு எல்லாவற்றுக்கும் காரணம் என்பார்கள். அந்த மாசு உண்மை, உச்ச நீதிமன்றமே 1996இல் தீர்ப்பளித்த விஷயம். ஆனால் பழியை முழுக்க ஆற்றின்மேல் போட்டால், நாளைக்கே நிறுத்தக்கூடிய மாத்திரை கண்ணில் படாமல் போய்விடும்.

ரத்தத்தில் தேங்கும் கழிவை அளந்துவிட்டு, 'கிரியாட்டினின் நார்மல்தானே' என்பது அடுத்த வாதம். 60 வயதுப் பெண்ணுக்கு 1.1 என்று வந்தால் பார்வைக்குச் சாதாரணம். கணக்கிட்டால் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் நிமிடத்துக்கு 60 மில்லிக்கும் கீழே நிற்கும். அறுவைக்கு முன் 'ராத்திரியிலிருந்து பச்சைத் தண்ணிகூடக் கூடாது' என்ற பழக்கமும் இப்படி மறுபடி பார்க்க வேண்டியதுதான். மயக்கத்தில் வாந்தி நுரையீரலுக்குள் போகும் என்ற பயம் நியாயமானது. ஆனாலும் திட உணவுக்கு 6 மணி நேரம், தெளிந்த நீருக்கு 2 மணி நேரம் என்பதே இன்றைய விதி. குடல் அடைப்பு, இரைப்பை மெதுவாகக் காலியாகும் சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கு மட்டும் மருத்துவர் வேறு முடிவெடுப்பார். சலைன் அதிகமானால் உடம்பு வீங்குமே என்றால், வீங்கும்தான். ஆனால் பெரிய வயிற்று அறுவைகளில் சுமார் 3,000 பேரிடம் நடந்து 2018இல் வெளியான ரிலீஃப் ஆய்வில், திரவத்தை இறுக்கிப் பிடித்தவர்களில் 8.6 சதவீதம் பேருக்கும் தாராளமாகக் கொடுத்தவர்களில் 5 சதவீதம் பேருக்கும் சிறுநீரகம் பாதிக்கப்பட்டது. ஒரு காலத்தில் சிறுநீரகத்துக்கென்றே ஏற்றிய குறைந்த அளவு டோபமைன் பலன் தரவில்லை என்று 2000இலேயே தெரிந்துவிட்டது. ஃபுரோசமைடு ஊசி சிறுநீரைப் பெருக்கும், பாதிப்பைத் தடுக்காது.

அறுவைக்குப் பின் பார்க்க வேண்டியது கட்டிலோரம் தொங்கும், சிறுநீர் சேரும் யூரோ பேக். 60 கிலோ எடையுள்ளவருக்கு மணிக்கு 30 மில்லிக்குக் குறைவாக 6 மணி நேரம் போனாலே அது சிறுநீரகப் பாதிப்பு. 48 மணி நேரத்தில் கிரியாட்டினின் 0.3 கூடினாலும் அதே கணக்கு. அப்போது ரத்த அழுத்தத்தை நிமிர்த்தி, சிறுநீரகத்தைத் தாக்கக்கூடிய ஜென்டாமைசின், அமிக்காசின் வகை ஊசிகள் தேவையா என்று மறுபடி யோசித்து, சிறுநீர்ப்பாதை அடைப்பும் நோய்த்தொற்றும் உண்டா என்று தேட வேண்டும். டயாலிசிஸ் தேவைப்படுபவர் சிலரே. மற்றவர்கள் தேறி வீடு திரும்பினாலும், மூன்றாம் மாதம் இன்னொரு முறை கிரியாட்டினின் பார்க்கும்படி டிஸ்சார்ஜ் சீட்டில் எழுதித் தரச் சொல்லிக் கேட்க வேண்டும்.