பசிபிக் தீவுக்கு ஒரு பயணத் திட்டம்



எங்கள் தோட்டத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தோம். உலகப் படத்தில் ஏதாவது ஓர் இடத்தைத் தேர்ந்தெடுத்து, அங்கே போய்வரத் திட்டம் ஒன்றைத் தாளில் எழுத வேண்டும். சிலர் சென்னை என்றார்கள். சிலர் லண்டன் என்றார்கள். ஒரு குழுவினர் மட்டும் பசிபிக் மாக்கடலின் நடுவே ஊசி குத்தியதுபோல் தெரிந்த ஒரு புள்ளியைக் காட்டினார்கள். அதன் பெயர் துவாலு.

அது மேடில்லாத நாடு, ஆறில்லாத நாடு என்று விளக்கிக்கொண்டிருந்தபோது, ஒரு மாணவி கை உயர்த்தினாள். "சார், அங்க ஆறு இல்லேன்னா, நாம போனா யாரு தண்ணிய குடிப்போம்?" என்று கேட்டாள். வறட்சிக் காலத்தில் லயத்துக்கு லோரியில் தண்ணீர் வருவதையும், வீட்டுக்கு இத்தனை வாளி என்று அளந்து விடுவதையும் பார்த்து வளர்ந்த பிள்ளை அவள். அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டே நாங்கள் திட்டத்தை எழுதினோம். அதைத்தான் இன்று உங்களோடு பகிர்ந்துகொள்கிறோம்.

முதலில், நாம் போகும் இடம் எத்தகையது என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். துவாலு ஒன்பது தீவுகள் கொண்ட நாடு. 'துவாலு' என்றால் 'எட்டும் சேர்ந்து நிற்பவை' என்று பொருள். ஒன்பதாவது சிறு தீவில் மக்கள் பிற்காலத்தில்தான் குடியேறினார்கள். பிரிட்டிஷ் ஆட்சியில் எல்லிஸ் தீவுகள் எனப்பட்ட இந்நாடு 1978 அக்டோபர் 1இல் விடுதலை பெற்றது. மொத்த நிலப்பரப்பு சுமார் 26 சதுர கிலோமீட்டர். மக்கள் ஏறக்குறைய 11,000 பேர். நாட்டின் மிக உயர்ந்த இடமும் கடல் மட்டத்துக்கு மேல் 5 மீட்டரை எட்டாது. நம் தோட்டத்தில் வளர்ந்து நிற்கும் செம்பனையின் பாதி உயரம்கூட இல்லை!

இந்தத் தீவுகள் மண்ணாலும் மலையாலும் ஆனவை அல்ல. பழைய எரிமலைகள் மெல்லக் கடலில் அமிழ, அவற்றைச் சுற்றி வளர்ந்த பவளப் பாறை மட்டும் வளையமாக மிஞ்சியது. இதை முதலில் விளக்கியவர் சார்லஸ் டார்வின். அதைச் சோதிக்க விரும்பிய அறிஞர்கள் 1896 முதல் 1898 வரை தலைத்தீவான ஃபுனாஃபுட்டியில் துளையிட்டார்கள். ஏறக்குறைய 340 மீட்டர் ஆழம் போயும் எரிமலைப் பாறை தட்டுப்படவில்லை. பவளமும் அதைச் சேர்ந்த சுண்ணாம்புக் கல்லுமே வந்தன.

இனி வழியைப் பார்ப்போம். கடப்பிதழ் குறைந்தது ஆறு மாதமாவது செல்லுபடியாக வேண்டும். பிஜி, துவாலு ஆகிய இரு நாடுகளின் விசா விதிகளையும் முன்கூட்டியே கேட்டு எழுதிவைத்துக்கொள்ள வேண்டும். திரும்பி வரும் டிக்கெட் கையில் இருக்க வேண்டும். சிங்கப்பூரிலிருந்து பிஜியின் நாண்டி நகருக்கு விமானத்தில் ஏறக்குறைய 10 மணி நேரம். அங்கே நம் நேரத்தைவிட 4 மணி நேரம் முந்தியது; துவாலுவிலும் அப்படியே.

நாண்டியில் நமக்கு ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கடைத்தெருவின் கோடியில் வண்ணக் கோபுரத்தோடு முருகன் கோயில் நிற்கிறது. 1903 முதல் 1916 வரை சென்னைத் துறைமுகத்திலிருந்து கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகக் கப்பலேறியவர்களின் வழிவந்தோர் அங்கே வாழ்கிறார்கள். அந்த ஒப்பந்தத்தை அவர்கள் 'கிர்மிட்' என்று அழைத்தார்கள். நம் பாட்டன் பூட்டன் பால்மரக் காட்டுக்கு வந்த கதையும் அவர்கள் கதையும் உடன்பிறந்தவை. அங்கே ஒரு நாள் தங்கிப் பேசிவிட்டுப் போவது நல்லது.

நாண்டியிலிருந்து தலைநகர் சுவாவுக்குப் பேருந்தில் சுமார் 4 மணி நேரம். அங்கிருந்து சிறிய விமானத்தில் ஏறினால் இரண்டரை மணி நேரத்தில் ஃபுனாஃபுட்டி. வாரத்தில் சில நாள்களே விமானம் உண்டு. வானிலை கெட்டால் அதுவும் தள்ளிப்போகும். ஆகவே, திரும்பும் வழியில் மூன்று நான்கு நாள்களைக் கையிருப்பாக வைத்துக்கொள்ள வேண்டும். மற்றத் தீவுகளுக்கு அரசாங்கக் கப்பல்தான். பல தீவுகளில் கப்பல் கரையணைய இடமில்லை. நடுக்கடலில் படகுக்கு மாறித்தான் கரையேற வேண்டும். வயதானவர்களையும் கைக்குழந்தைகளையும் அழைத்துப்போகிறவர்கள் இதை நன்றாக யோசிக்க வேண்டும்.

எந்த மாதம் போவது? நவம்பர் முதல் ஏப்ரல் வரை புயல் காலம். 2015 மார்ச்சில் வீசிய பாம் புயலின் அலைகள் துவாலுவின் பல தீவுகளில் வீடுகளையும் பயிர்களையும் பாழாக்கின. ஆண்டின் முதல் மாதங்களில் பேரலையேற்றமும் வரும். அப்போது கடல் கரையைத் தாண்டி வருவதோடு நிற்பதில்லை. பவளத் தரையின் துளைகள் வழியே காலடியிலிருந்தும் நீர் ஊறி எழும். எனவே மே முதல் அக்டோபர் வரையே ஏற்ற காலம்.

அங்கே புழங்குவது ஆஸ்திரேலிய டாலர். பணம் எடுக்கும் இயந்திரம் 2025 ஏப்ரலில்தான் முதன்முதலாக அந்நாட்டில் வைக்கப்பட்டது. ஆதலால் ரொக்கம் கொண்டுபோவதே பாதுகாப்பு. தங்குமிடங்கள் சிலவே, முன்பே சொல்லி வைக்காமல் போகக்கூடாது. நாட்டுக்கே ஒரு மருத்துவமனைதான். கடுமையான நோய் என்றால் நோயாளியைப் பிஜிக்கு அனுப்புகிறார்கள். தினமும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் போகும் நாள்களுக்கும் கையிருப்பு நாள்களுக்கும் சேர்த்து மருந்து எடுத்துக்கொள்ள வேண்டும். டெங்கிக் கொசு நமக்குப் பழக்கமான எதிரி. அங்கும் அது உண்டு. கொசுமருந்தை மறவாதீர்கள்.

இனி அந்த மாணவியின் கேள்விக்கு வருவோம். துவாலுவில் மழை குறைவில்லை. ஆண்டுக்கு 3,000 மில்லிமீட்டருக்கு மேல் பெய்கிறது. ஆனால் பவளச் சல்லியில் விழும் நீர் ஓடையாக ஓடாது. உடனே கீழே இறங்கிவிடும். இறங்கிய நல்ல நீர், உப்பு நீரைவிட இலேசானதால் அதன்மேல் மெல்லிய படலமாய் மிதக்கும். தீவு ஒடுக்கமாக இருந்தால், கடல் சற்று ஏறினாலும் அந்தப் படலம் கரித்துவிடும். ஆகவே மக்கள் கூரையில் விழும் மழைநீரைத் தொட்டியில் பிடித்து அதைத்தான் குடிக்கிறார்கள்.

2011இல் மாதக்கணக்கில் மழை பொய்த்தது. செப்டம்பர் இறுதியில் அரசாங்கம் நெருக்கடி நிலையை அறிவித்தது. ஃபுனாஃபுட்டியில் ஒரு குடும்பத்துக்கு ஒரு நாளைக்கு 40 லிட்டர், அதாவது இரண்டு வாளித் தண்ணீர் என்று அளந்து கொடுத்தார்கள். சமைக்க, குடிக்க, குழந்தையைக் குளிப்பாட்ட எல்லாவற்றுக்கும் அவ்வளவுதான். வெளிநாடுகளிலிருந்து கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரங்கள் வந்த பிறகே மூச்சு வந்தது.

எனவே எங்கள் திட்டத்தில் மாணவர்கள் இப்படி எழுதினார்கள்: 'நாங்கள் குடிப்பது வீட்டுக்காரர் தொட்டித் தண்ணீர். காலையில் ஒரு வாளியில் குளிப்போம். துணிகளைப் பிஜிக்குத் திரும்பி வந்து துவைப்போம். மழை இல்லாத காலமென்றால் பயணத்தைத் தள்ளிவைப்போம்.'

உணவும் அப்படியே. தேங்காய், மீன், ஈரப் பலாக்காய் ஆகியவை அங்கே விளையும் உணவு. நம் கெலாடிக்கு உறவான 'புலாக்கா' என்னும் கிழங்கைக் குழி தோண்டி, இலைதழை உரமிட்டு, நிலத்தடி நன்னீரை நம்பிப் பயிரிடுகிறார்கள். பல குழிகளில் இப்போது உப்பு ஏறிவிட்டது. அரிசி, மாவு, காய்கறி எல்லாம் பெரும்பாலும் கப்பலில் வருகின்றன. கப்பல் தாமதித்தால் கடை காலி. நமக்கென்று அவித்து உண்ணக்கூடிய உலர்ந்த பொருள்கள் சிலவற்றை எடுத்துப்போகலாம். எவற்றைக் கொண்டுவரலாம் என்று சுங்க விதியைக் கேட்டுக்கொள்வது அவசியம்.

கொண்டுபோவதை விட்டுவராமல் இருப்பதும் திட்டத்தில் சேர வேண்டும். 1943இல், உலகப் போரின்போது, அமெரிக்கப் படையினர் விமான ஓடுபாதை போடப் பவளத் தரையைத் தோண்டினார்கள். அந்தக் குழிகள் எழுபது ஆண்டுகளுக்கு மேல் உப்பு நீரும் குப்பையுமாய்க் கிடந்தன. 2015இல்தான் நியூசிலாந்தின் உதவியோடு மணல் கொட்டி மூடினார்கள். 26 சதுர கிலோமீட்டரில் குப்பை கொட்ட ஏது இடம்? நம் பிளாஸ்டிக் புட்டியும் பழைய பேட்டரியும் நம் பையிலேயே திரும்பி வரட்டும்.

பார்க்க என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். வளையத் தீவுகளுக்கு நடுவேயுள்ள நீலக் கடற்கழி ஒன்றே போதும். 1996இல் ஏற்படுத்தப்பட்ட மீன்காப்புப் பகுதியில் ஆமைகளும் கடற்பறவைகளும் வாழ்கின்றன. அங்கே மீன் பிடிக்கத் தடை. போக உள்ளூர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மாலையில் ஓடுபாதையே விளையாட்டுத் திடல். விமானம் வருமுன் சங்கு ஊதுவார்கள்; எல்லாரும் விலகிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தேவாலய நாள். அன்று சத்தமிட்டுத் திரிவதும், கடலில் குளிக்கும் உடையோடு ஊருக்குள் நடப்பதும் மரியாதை ஆகாது. ஒருவரைப் படமெடுக்குமுன் அனுமதி கேட்க வேண்டும்.

இவ்வளவு பணிவு எதற்கு? 1863இல் பெரு நாட்டுக் கப்பல்கள் அங்கே வந்தன. ஆசைகாட்டி ஏமாற்றி, ஃபுனாஃபுட்டியிலிருந்தும் நுகுலேலேயிலிருந்தும் நூற்றுக்கணக்கானவர்களை வேலைக்கு ஏற்றிச் சென்றன. பெரும்பாலோர் திரும்பவே இல்லை. ஆள்பிடிக்கும் கங்காணியின் கதை கேட்டு வளர்ந்த நமக்கு இதன் வலி புரியும். வெளியிலிருந்து வருகிறவன் எதையோ எடுத்துக்கொண்டு போவான் என்பதை அந்த மக்கள் அனுபவத்தில் கண்டவர்கள்.

இன்று கடலேற்றம் அவர்களை மறுபடியும் கப்பலேறச் சொல்கிறது. 2023 நவம்பரில் ஆஸ்திரேலியாவோடு அவர்கள் செய்த உடன்படிக்கை 2024இல் நடப்புக்கு வந்தது. அதன்படி ஆண்டுக்கு 280 பேர் அங்கே குடியேறலாம். 2025இல் நடந்த முதல் குலுக்கலுக்குக் குடும்பத்தாரோடு 8,000 பேருக்கு மேல் பெயர் கொடுத்தார்கள். அந்த உடன்படிக்கையின் பெயர் 'ஃபலேபிலி'. அண்டை வீட்டாரைத் தம் வீட்டார்போல் பேணுவது என்பது அச்சொல்லின் கருத்து.

நேயர்களே, நம்மில் எத்தனை பேர் துவாலு போகப்போகிறோம்? ஒருவேளை ஒருவரும் இல்லை. ஆனாலும் அந்தப் பிள்ளைகள் எழுதிய தாளை நாங்கள் வகுப்புச் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறோம். அடுத்த முறை வறட்சியில் வாடும் உறவினர் தோட்டத்துக்குத் திருவிழாவுக்குப் போகும்போதும் அந்தத் திட்டம் பயன்படும். 'எதைப் பார்ப்போம்' என்று கேட்பதற்கு முன்னால், 'யார் தண்ணீரைக் குடிக்கப் போகிறோம்' என்று கேட்டுக்கொள்வோம். பயணத் திட்டத்தின் முதல் வரி அதுவாக இருக்கட்டும்.