எழுந்து நடந்தாலும் அவர் நோயாளிதான்

வீராணம் ஏரிக்கரையில் இருசக்கர வண்டி சறுக்குகிறது. விழுந்தவர் சில நொடிகள் நினைவிழந்து, பின் எழுந்து, சட்டைப் புழுதியைத் தட்டிக்கொண்டே “ஒன்றுமில்லை” என்கிறார். அன்பு வாசகர்களே, அச்சொல்லை எளிதில் நம்பிவிடாதீர்கள்.

இந்தியக் கிரிக்கெட் வீரர் ராமன் லம்பாவை உங்களில் பலர் அறிவீர்கள். 1998 பிப்ரவரி 20 அன்று டாக்காவில், மட்டையாளருக்கு மிக அருகே தலைக்கவசமின்றி நின்றிருந்த அவரது நெற்றியைப் பந்து தாக்கியது. தம் கால்களாலேயே நடந்து மைதானத்தைவிட்டு வெளியேறினார். சற்று நேரத்தில் நிலைமை மோசமானது. 23ஆம் தேதி, தமது 38ஆம் வயதில் காலமானார்.

மண்டைக்குள் ஏற்படும் இரத்தக் கசிவும், ‘கன்கஷன்’ எனப்படும் மூளை அதிர்வும் முதல் சில மணி நேரம் ஒன்றுபோலவே தோன்றக்கூடும். அவற்றைப் பிரித்தறிவது மருத்துவரின் வேலை, நம்முடையதன்று. திரும்பத் திரும்ப வாந்தி, ஏறிக்கொண்டே போகும் தலைவலி, எழுப்பினாலும் தெளியாத மயக்கம், வலிப்பு, நாக்குக் குழறல், கைகால் தளர்ச்சி ஆகியவற்றுள் ஒன்று தென்பட்டாலும் உடனே 108-ஐ அழையுங்கள். முதியவர்களையும், இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர்களையும் அறிகுறி தோன்றும்வரை வீட்டில் வைத்திருத்தல் கூடாது.

காட்டுமன்னார்கோயில் அரசு மருத்துவமனையில் முதற்சிகிச்சை பெறலாம். மேல்சிகிச்சைக்கு ஏறத்தாழ 25 கி.மீ. தொலைவிலுள்ள சிதம்பரம் அண்ணாமலைநகரில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி என்ற பெயரில் 1985-இல் தோன்றி, 2021-இல் அரசிடம் வந்தது இதுவே. சாலை விபத்தெனில், 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48’ திட்டத்தைப் பற்றிக் கேளுங்கள். முதல் 48 மணி நேரச் சிகிச்சைக்கு உதவும் திட்டம் இது.

பெரும்பாலான குடும்பங்களில் சிக்கல் இதன் பிறகே தொடங்குகிறது. “ஸ்கேனில் ஒன்றுமில்லையே, இன்னும் ஏன் படுத்திருக்கிறாய்?” என்பார்கள். சி.டி. ஸ்கேன் கசிவையும் எலும்பு முறிவையும் காட்டும். மூளை அதிர்வைக் காட்டாது. வெளிச்சம் கண்ணைக் கூசுவதும், அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பதும், சிறு சத்தத்திற்கே எரிந்து விழுவதும் நோயின் அறிகுறிகளே, நடிப்பல்ல. இவ்விஷயத்தில் நம் இல்லத்தரசிகளின் நிலைதான் பரிதாபம். மறுநாளே அவர்களை அடுப்படியில் காண்கிறோம்!

ஓரிரு நாள் நல்ல ஓய்வு. கைப்பேசிக்கும் தொலைக்காட்சிக்கும் விடுப்பு. பிறகு மெல்லிய நடை, சிறுகச் சிறுக வேலை. வாரக்கணக்கில் இருட்டறையில் படுக்க வைக்கும் பழைய முறையை இன்றைய மருத்துவர்கள் ஏற்பதில்லை. சுஜூதுக்குக் குனிகையில் தலை சுற்றினால் அமர்ந்து தொழ மார்க்கம் இடமளிக்கிறது. வண்டி ஓட்டுவதற்கும் பிள்ளைகள் பந்து விளையாடுவதற்கும் மருத்துவரின் அனுமதி வேண்டும். முதல் காயம் ஆறுமுன் மீண்டும் அடிபடுவது பேராபத்து.

பெரியவர்கள் பெரும்பாலும் இரண்டு வாரங்களிலும், சிறுவர்கள் நான்கு வாரங்களிலும் தேறுவர். அதற்கு மேலும் தொல்லை நீடித்தால் மருந்துக்கடையில் தலைவலி மாத்திரை வாங்கி ஒப்பேற்றாமல் நரம்பியல் மருத்துவரை நாடுங்கள். தலைச்சுற்றலுக்கும் கழுத்து வலிக்கும் தனிப் பயிற்சிகளே உண்டு. டிஸ்சார்ஜ் தாளையும், எந்நாளில் எவ்வளவு வலித்தது என்ற குறிப்பையும் எடுத்துச் செல்லுங்கள். கூடவே வீட்டார் ஒருவரும் செல்லவேண்டும். “முன்பெல்லாம் இவர் இப்படிக் கோபப்பட மாட்டார், டாக்டர்” என்று நோயாளியே சொல்லிக்கொள்ள மாட்டார்.